துரைமாரின் காலத்து மூன்று ரிவால்வர்கள்

பழைய கைத்துப்பாக்கிகளைச் சேர்க்கத் தொடங்குகிறவருக்கு மூன்று போதும். பியூமண்ட்–ஆடம்ஸ் ஒன்று, வெப்லி மார்க் 6 ஒன்று, என்ஃபீல்ட் இலக்கம் 2 ஒன்று. மூன்றுமே ரிவால்வர்கள், மூன்றுமே பிரித்தானியத் தயாரிப்புகள். இவற்றைவிட அழகானவையும் அரியவையும் சந்தையில் உண்டு. ஆனால் இலங்கை மலையகத்தின் டிக்கோயாவிலோ மஸ்கெலியாவிலோ பிறந்து இன்று இங்கிலாந்தில் வாழும் ஒருவருக்கு இந்த மூன்றும் சொல்லும் கதையை வேறெந்தத் துப்பாக்கியும் சொல்லாது.

எங்கள் தோட்டப் பக்கத்துத் தம்பி ஒருவர் பேர்மிங்ஹாமில் வேலை செய்கிறார். கோப்பிக் காலத்துத் தனியார் நாணயங்கள், தேயிலைப் பெட்டி முத்திரைகள் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருப்பவர். "அண்ணே, துரைமார் காலத்துத் துவக்கு ரெண்டு மூணு வாங்கி வைக்கலாமுன்னு பாக்குறேன். எதுல தொடங்குறது?" என்று கேட்டார். பார்ப்பதற்கு எளிய கேள்வி. அதற்காகவே கடைகளிலும் ஏலக் கூடங்களிலும் சேகரிப்பாளர் வீடுகளிலும் கையில் எடுத்துப் பார்த்த துப்பாக்கிகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பக்கமே வரக்கூடாது. 1996 மார்ச் 13 அன்று ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் ஆரம்பப் பாடசாலைக்குள் ஒருவன் கைத்துப்பாக்கிகளோடு நுழைந்து 16 பிள்ளைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டே கைத்துப்பாக்கி வைத்திருப்பது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து மூன்றிலும் தடை செய்யப்பட்டது. அந்தத் தடை சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்குப் பிறகு சாதாரண சேகரிப்பாளருக்கு எஞ்சியவை முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்யப்பட்டு, இன்று வழக்கொழிந்த வெடிமுறையிலோ வழக்கொழிந்த ரவை அளவிலோ இயங்கும் தொல்பொருள் துப்பாக்கி. அதை அலங்காரப் பொருளாக மட்டுமே வைத்திருக்கலாம்; ரவை வைத்திருக்கக் கூடாது. மற்றது முடக்கிய துப்பாக்கி. குழலை அடைத்து, உள்ளுறுப்புகளை வெட்டி, உருக்கி ஒட்டி, இனி சுடவே முடியாதபடி ஆக்கி, லண்டன் அல்லது பேர்மிங்ஹாம் துப்பாக்கிச் சோதனைச்சாலையின் முத்திரையும் சான்றிதழும் பெற்றது. 2019 டிசம்பரிலிருந்து அது கைமாறும்போது உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கவும் வேண்டும்.

இந்த இரண்டு வழிகளுக்கும் கையில் எடுத்ததுமே வேறுபாடு தெரியும். தொல்பொருள் துப்பாக்கியில் எல்லாம் அசையும்: சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கலாம், சிலிண்டர் சுழல்வதைப் பார்க்கலாம். 2016-க்குப் பிறகு வந்த விதிப்படி முடக்கிய ரிவால்வரோ கட்டிப்போட்ட இரும்பு. சிலிண்டர் சுழலாது, குழல் மடங்காது. கதையைச் சொல்ல அதுவும் போதும். ஆனால் இயந்திரம் எப்படி வேலை செய்தது என்பதை விரல்களால் அறிய விரும்புகிறவருக்குக் குறைந்தது ஒன்றாவது அசைகிற துப்பாக்கியாக இருக்க வேண்டும். அதனால்தான் பட்டியலின் தலையில் பியூமண்ட்–ஆடம்ஸை வைத்தேன்.

ரொபர்ட் ஆடம்ஸ் 1851-இல் லண்டனில் அறிமுகப்படுத்திய ரிவால்வரில் உடற்சட்டமும் குழலும் ஒரே இரும்புத் துண்டிலிருந்து அடித்தெடுக்கப்பட்டவை. அதே காலத்துக் கோல்ட் ரிவால்வரின் உடற்சட்டத்துக்கு மேற்பட்டை கிடையாது. ஆடம்ஸைப் பிடித்துவிட்டுக் கோல்ட்டைப் பிடித்தால் அந்த வேறுபாடு கைக்குப் புரியும். ஆடம்ஸில் எதுவும் ஆடாது. ஆனால் முதல் ஆடம்ஸுக்குச் சுத்தியலில் கட்டைவிரல் வைக்கும் கொம்பே இல்லை. ஒவ்வொரு முறையும் விசையை முழு நீளத்துக்கு இழுத்தே சுட வேண்டும். அதனால் குறி தவறும். 1856-இல் ஃபிரெட்ரிக் பியூமண்ட் என்ற இராணுவப் பொறியியல் அதிகாரி அதைத் திருத்தினார். அவருடைய வடிவத்தில் சுத்தியலைக் கையால் இழுத்து நிதானமாகவும் சுடலாம், அவசரத்தில் விசையை மட்டும் இழுத்தும் சுடலாம். பிற்கால ரிவால்வர்களில் நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் இந்த இரட்டை இயக்கம் பிரித்தானியப் படைக்கு வந்தது இந்தத் துப்பாக்கியின் வழியாகத்தான்.

ஐந்து அறைகள். ஒவ்வொரு அறைக்கும் முன்பக்கத்திலிருந்து கருமருந்தும் ஈயக் குண்டும் இட்டு, பின்பக்கத்து முனையில் சிறு செம்புத் தொப்பி ஒன்றைச் செருக வேண்டும். மழையில் மருந்து நனைந்தால் கதை முடிந்தது. டிக்கோயாவின் தென்மேற்குப் பருவ மழையை அறிந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய குறை என்று சொல்லத் தேவையில்லை. பிடி சிறியது, குறுக்குக் கோடுகள் வெட்டிய வால்நட் மரம். கையில் எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிறது. ஆனாலும் எடை கைக்கு அருகிலேயே நிற்பதால் முன்பக்கம் சாய்வதில்லை. விசை நெடுந்தூரம் வருகிறது. இறுதியில் சுத்தியல் விழும் இடம் தெளிவாகத் தெரிகிறது. (பழைய துப்பாக்கியின் சுத்தியலை வெறுமனே விழவிடக் கூடாது. தொப்பி செருகும் முனைகள் நசுங்கிவிடும். கட்டைவிரலால் தாங்கி இறக்க வேண்டும்.)

இந்த மாதிரி புழக்கத்தில் இருந்த காலத்தையும் நம் மலைகளின் காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1860-களில்தான் டிக்கோயாக் காடுகள் கோப்பிக்காக வெட்டப்பட்டன. நம் முன்னோர் மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாகக் கால்நடையாக மலை ஏறினார்கள். வழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் எத்தனையோ பேர் பலியானார்கள். அதே காலத்தில் காடு வாங்க வந்த வெள்ளைக்காரர்களில் இராணுவ அதிகாரிகளும் இருந்தார்கள். பிரித்தானிய அதிகாரிகள் தங்கள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்கிய காலம் அது. 1869-இல் இலைத்துரு நோய் கோப்பியில் பற்றியது. காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் நிற்கும் வார்லி தேவாலயம் 1878-ஐச் சேர்ந்தது; கோப்பி செத்துத் தேயிலை வந்த இடைக்காலத்துக் கட்டடம். அதன் கல்லறைத் தோட்டத்துக் கற்களில் துரைமாரின் பெயர்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. வழியில் செத்த நம்மவர்களுக்குக் கல் இல்லை. ஆடம்ஸைக் கையில் எடுக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் போவதில்லை; சேர்க்கிறவருக்கும் வர வேண்டும்.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். பல பியூமண்ட்–ஆடம்ஸ்கள் பின்னாளில் உலோகத் தோட்டா ஏற்கும்படி மாற்றப்பட்டன. சிலிண்டரின் பின்பக்கத்தில் தொப்பி முனைகள் இல்லாமல் துளைகள் நேராகப் போனால் அது மாற்றியது. சட்டநிலை வேறாகிவிடும், தொட வேண்டாம். மற்றது பெட்டி. வெடிமருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, எண்ணெய்ச் சிமிழ் எல்லாம் பச்சைத் துணி விரித்த பெட்டிக்குள் அழகாக அடுக்கிக் காட்டுவார்கள், விலையையும் அதற்கேற்ப ஏற்றுவார்கள். அவற்றில் பல நேற்று சேர்த்து அடுக்கியவை. உடற்சட்டத்திலும் சிலிண்டரிலும் உள்ள இலக்கங்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். துணியில் துப்பாக்கி பதிந்த தடம் இந்தத் துப்பாக்கியின் வடிவத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் பெட்டி இல்லாத துப்பாக்கியே மேல்.

ஆடம்ஸின் விலை கட்டுப்படியாகாதவர் பெல்ஜியத்து லியேஜ் நகரின் ஊசிவெடி ரிவால்வர் ஒன்றை வாங்கலாம். ஒவ்வொரு தோட்டாவின் ஓரத்திலும் ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தியல் அதை அடிக்கும். முட்டை வடிவக் கோட்டுக்குள் லியேஜ் முத்திரை எழுத்துகள் இருக்கும். மேலே கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தியது. மலிவு, சட்டச் சிக்கல் குறைவு. ஆனால் வேலைப்பாடு பெரும்பாலும் மட்டம்.

ஆடம்ஸுக்கும் மார்க் 6-க்கும் இடைப்பட்ட காலத்துக்கு எல்லோரும் பரிந்துரைக்கும் துப்பாக்கி ஒன்று உண்டு: வெப்லி ஆர்.ஐ.சி. அயர்லாந்துப் பொலிஸுக்காக 1860-களின் கடைசியில் வந்த சிறிய, உறுதியான ரிவால்வர். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் 2021 மார்ச்சில் வந்த புதிய ஒழுங்குவிதி, வழக்கொழிந்த அளவுகளின் பட்டியலிலிருந்து ஏழை நீக்கியது. ஆர்.ஐ.சி.யின் .442 அளவும் அந்த ஏழில் ஒன்று. குற்றக் கும்பல்கள் அந்தப் பழைய அளவுகளுக்கு ரவை செய்து பயன்படுத்தியதே காரணம். நேற்று வரை அலமாரியில் சும்மா வைத்திருந்த பொருளுக்கு இன்று உரிமப்பத்திரம் வேண்டும். பழைய புத்தகங்களையும் பழைய விலைப்பட்டியல்களையும் நம்பி வாங்குகிறவர் சிறைக்குப் போகும் இடம் இதுதான்.

இனி வெப்லி மார்க் 6. மூன்றில் ஒன்றை மட்டும்தான் வைத்திருக்கலாம் என்றால் நான் இதைத்தான் வைத்திருப்பேன்.

பேர்மிங்ஹாமில் செய்யப்பட்டு 1915 மே மாதம் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட மாதிரி. ஆறு அங்குலக் குழல், .455 அளவு, ஆறு ரவைகள், ஏறத்தாழ 1.1 கிலோ எடை. இப்போது கடைகளில் கிடைப்பது முடக்கியது, முழுக்க இறுகியது என்பதால் அதை வைத்து இயக்கத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. 1995-க்கு முந்திய விதிப்படி முடக்கிய ஒன்று சேகரிப்பாளர் ஒருவரிடம் இருந்தது. அந்தக் காலத்து முடக்கலில் உறுப்புகள் அசையும். வைத்திருப்பவர் வைத்திருக்கலாம், ஆனால் புதிய விதிக்கு மாற்றாமல் விற்க முடியாது. அதை நன்றாகப் பார்க்க அனுமதித்தார்.

சுத்தியலுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு நெம்புகோல். அதை அழுத்திக் குழலைக் கீழே தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடங்கித் திறக்கிறது. திறக்கும்போதே சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தட்டு ஒன்று எழும்பி ஆறு வெற்றுத் தோட்டாக்களையும் ஒரே வீச்சில் வெளியே தள்ளும். முழுவதும் திறந்ததும் 'டக்' என்று திரும்ப உள்ளே போய்விடும். ஒரு கை மடக்கு, எல்லாம் காலி. நூறாண்டுக்கு முந்திய இரும்பில் இத்தனை சீராக ஓடும் பொறியை நான் வேறெங்கும் கண்டதில்லை. மூடும்போது பூட்டு விழும் ஓசையில் சந்தேகத்துக்கே இடமில்லை. முந்திய மார்க்குகளின் பறவைத் தலை வடிவப் பிடியை விட்டு இதில் சதுர அடிப்பிடி வைத்தார்கள். பெரிய கைக்கு நன்றாக அடங்குகிறது, என் கைக்குக் கொஞ்சம் பருமன். சுத்தியலை முன்கூட்டி இழுத்துவிட்டால் விசை சுத்தமாக விடுபடுகிறது. இழுக்காமல் சுட்டால் சுட்டுவிரலின் முழுப் பலமும் வேண்டும். அகழிச் சேற்றில் அடைத்துக்கொள்ளாமல் இயங்கியதால் முதலாம் உலகப் போரில் இதற்கு நல்ல பெயர் கிடைத்தது.

இதற்கும் மலைநாட்டுக்கும் உள்ள தொடர்பு இலங்கைத் தோட்டக்காரர் ரைபிள் படை. 1900-இல் தொடங்கிய அந்தப் படையில் இருந்தவர்கள் ஐரோப்பியத் துரைமார். சின்னதுரையும் பெரியதுரையும் தோட்டத்தை விட்டு வாராந்தப் பயிற்சிக்குப் போனார்கள். 1914 ஒக்டோபரில் ஒரு பிரிவு எகிப்துக்குக் கப்பலேறியது. பிறகு கலிப்போலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் காவல் பணியில் இருந்தது. அவர்களில் பலர் மற்றப் படைப்பிரிவுகளில் அதிகாரிகளானார்கள். பிரித்தானிய அதிகாரியின் இடுப்புத் துப்பாக்கி என்றால் அன்று வெப்லிதான். போர் முடிந்து திரும்பிய துரைமாரோடு வெப்லிகளும் பங்களாக்களுக்கு வந்தன. சம்பள நாளில் மேசை இழுப்பறை பாதி திறந்தே இருக்கும், உள்ளே துவக்கின் பிடி தெரியும் என்று என் தாத்தா சொல்லியிருக்கிறார். தொழிலாளரை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துரை அதைத் தொட்டதில்லையாம். தொட வேண்டிய தேவையும் வரவில்லை. எல்லோருக்கும் அது இருப்பது தெரிந்திருந்தால் போதும்.

1959 செப்டம்பர் 25 அன்று கொழும்பு ரோஸ்மீட் பிளேஸ் இல்லத்தில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவைத் தல்துவே சோமராம சுட்டதும் ஒரு வெப்லி ரிவால்வரால்தான். மறுநாள் பிரதமர் இறந்தார். அந்நியர் ஆட்சி போன பிறகும் அவர்கள் விட்டுப்போன இரும்பு இந்த நாட்டின் வரலாற்றைத் திருப்பிக்கொண்டே இருந்தது.

மார்க் 6 வாங்கும்போது முதலில் உடற்சட்டத்தில் பொறித்த ஆண்டைப் பாருங்கள். பிறகு அரசின் அம்புக்குறி முத்திரையைத் தேடுங்கள். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டியிருந்தால் படை அதை அதிகாரபூர்வமாக விற்றுவிட்டது என்று பொருள். எனக்கு அத்தகையவைதான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் அதற்குப் பிறகு ஒரு தனிமனித வாழ்க்கை இருந்திருக்கிறது. சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் எளிதில் கிடைத்த .45 ரவை போட வேண்டும் என்பதற்காகப் போருக்குப் பின் ஏராளமான வெப்லிகளைச் சீவித்தள்ளினார்கள். மெருகேற்றிப் பளபளக்க வைத்ததை வாங்காதீர்கள். கருநீலப் பூச்சு தேய்ந்த இடங்கள்தான் உறை உரசிய தடங்கள்; அவற்றை அழித்தால் வரலாறு போகும்.

என்ஃபீல்ட் இலக்கம் 2 பற்றி நிறையச் சொல்ல எனக்கு இல்லை. வெப்லி பெரிதாக இருக்கிறது, குறைந்த பயிற்சி உள்ளவனால் கையாள முடியவில்லை என்று படை .38 அளவுக்கு இறங்கியது. வெப்லி நிறுவனம் வடிவமைத்துக் கொடுத்ததை அரசுத் தொழிற்சாலை எடுத்துச் சிறு மாற்றங்களோடு 1932-இல் தன் பெயரில் வெளியிட்டது. நிறுவனம் வழக்குப் போட்டுத் தோற்றது. பிறகு கண்டுபிடிப்பாளர் விருதுக்கான அரச ஆணைக்குழு 1,250 பவுண்ட் கொடுக்கச் சொன்னது. அதே மடங்கும் முறை, அதே நட்சத்திரத் தட்டு, ஐந்து அங்குலக் குழல், முக்கால் கிலோவை ஒட்டிய எடை. 1938-இல் வந்த மாற்று வடிவத்தில், டாங்கிக்குள் எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று சுத்தியலின் கொம்பையே வெட்டிவிட்டார்கள். அந்த வடிவம்தான் சந்தையில் அதிகம். மார்க் 6-ஐவிட விலையும் குறைவு. கையில் நன்றாக உட்காருகிறது, ஆனால் வெப்லியின் அழகு இல்லை.

இருந்தும் மூன்றாவதாக இதைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் அதன் காலம். தோட்டத் தொழிலாளர் சங்கமாக எழுந்த காலமும் இதுவே. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் விழுந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகியாக அவரை நினைக்கிறோம். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் நிலத்துக்காகப் போராடிய சிவனு லெட்சுமணன் விழுந்ததும் பொலிஸ் குண்டில்தான். அந்தச் சூடுகளுக்கும் இந்த மாதிரிக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. பங்களாவின் இழுப்பறையிலிருந்து சீருடையின் உறைக்குத் துப்பாக்கி இடம் மாறிய காலத்தைக் காட்ட ஒரு பொருள் வேண்டும். அதற்கு என்ஃபீல்ட் பொருத்தம்.

சேர்த்தவற்றை எப்படி வைப்பது? இங்கிலாந்தின் ஈரமும் டிக்கோயாவின் பனிமூட்டமும் இரும்புக்கு ஒரே எதிரி. தோல் உறைக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள். தோல் பதனிடும் அமிலம் இரும்பைத் தின்னும். பருத்திக் கையுறையோடு எடுத்து, மெல்லிய எண்ணெயோ அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் மெழுகோ பூசி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட பூட்டிய அலமாரியில் வையுங்கள். வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். நம் வீடுகளுக்கு வருகிறவர்களில் யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் இருப்பார். சோதனைச் சாவடியில் நெற்றியில் துவக்கு வைக்கப்பட்டவர் இருப்பார். அவருக்கு அது முடக்கியதா முடக்காததா என்பது பொருட்டல்ல. கேட்கிறவருக்கு மட்டும் எடுத்துக் காட்டுங்கள்.

இலங்கையில் இருக்கும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். அங்கே 1916-ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. 2024-இன் கடைசியில், தற்பாதுகாப்புக்காக உரிமம் கொடுத்த துப்பாக்கிகளைக்கூடப் பாதுகாப்பு அமைச்சு மறுஆய்வுக்காகத் திரும்ப ஒப்படைக்கச் சொன்னது. தாத்தாவின் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று முடக்கியதைப் பெட்டியில் போட்டு விமானம் ஏறுவது பெரிய ஆபத்து. இந்தியாவிலும் 2019-இன் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் உள்ள ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஊரில் இருப்பவர் கம்பளைக்குப் பக்கத்தில், பாரதெக்கவில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அங்கே துவக்கு இல்லாவிட்டாலும், துவக்குக்கு எதிரில் நின்றவர்களின் பொருள்கள் இருக்கின்றன. சேகரிப்பின் மறுபாதி அது.

வாங்குவதற்குத் தம்பிக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் என்ஃபீல்ட், ஏனென்றால் விலை குறைவு, சான்றிதழையும் முத்திரையையும் படித்துப் பழக அது போதும். அடுத்து மார்க் 6. அவசரப்படாமல், இரட்டை அம்பு முத்திரை உள்ளது கிடைக்கும்வரை காத்திருந்து வாங்க வேண்டும். ஆடம்ஸ் கடைசியாக, பதிவு பெற்ற விற்பனையாளரிடம் மட்டும், அதன் சட்டநிலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு: ரசீது, சோதனைச்சாலைச் சான்றிதழ், அறிவித்ததற்கான பதில், நான்கு பக்கமும் எடுத்த படங்கள். கோப்பு இல்லாத துப்பாக்கியை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.